பன்னிரு குலங்களின் காணிப் பங்கீடு



எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, லயத்து வாசலில் திருமறை வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. யோசுவா நூலைத் தொடர்ந்து வாசித்து வந்தோம். எரிகோவின் மதில் விழுந்த அதிகாரம் வரையில் பிள்ளைகள் ஆவலோடு கேட்டார்கள். பதின்மூன்றாம் அதிகாரம் தொடங்கியதும் ஆவல் போய்விட்டது. எல்லை இந்த மலையிலிருந்து இறங்கும், அந்த ஓடையில் திரும்பும், இன்ன ஊரைத் தொட்டுக் கடலில் முடியும் என்று பக்கம் பக்கமாக ஊர்ப்பெயர்கள். வாசித்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை நாக்குத் தடுமாறி நிறுத்தி, "சாமி, இந்த ஊர்ப்பேரையெல்லாம் விட்டுட்டு அடுத்த கதைக்குப் போகலாமா?" என்று கேட்டாள். நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது, பால் வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், "வேணாங்க சாமி, விடாம வாசிக்கச் சொல்லுங்க. காணி உறுதி வாசிக்கிறப்ப எல்லைய விட்டுட்டு வாசிக்கலாங்களா?" என்றார்.

குருமடத்தில் பல நாள் படித்ததை அந்தப் பெரியவர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார். யோசுவா நூலின் 13ஆம் அதிகாரம் முதல் 21ஆம் அதிகாரம் வரையுள்ள பகுதி ஓர் உறுதிப் பத்திரமே. தம் பாட்டன் காலம் முதல் ஒரே தோட்டத்தில் உழைத்தும், தம் பெயரில் ஒரு சாண் நிலத்துக்கும் உறுதி காணாத மனிதர் அவர். ஆகவேதான் அந்தப் பகுதியின் அருமை அவருக்குத் தெரிந்தது. அந்த உறுதியை இந்த வாரம் நாம் எல்லோரும் சேர்ந்து வாசிப்போம்.

நாடும் அதன் கிடப்பும்

இஸ்ரயேல் மக்களுக்குக் கிடைத்த நாடு பெரியதன்று. வடக்கே தாண் என்னும் ஊரிலிருந்து தெற்கே பெயேர்செபா வரையில் ஏறக்குறைய 240 கிலோமீற்றர். நமது இலங்கையின் நீளத்தில் பாதிக்குச் சற்று அதிகம், அவ்வளவே. ஆனால் அந்தச் சிறிய நிலத்தில் எல்லாம் அடங்கியிருந்தன. வடக்கே எர்மோன் மலை 2,814 மீற்றர் உயரம். அதாவது நம் பீதுருதாலகாலை மலையைவிட உயரமானது. கிழக்கே சாக்கடல், கடல் மட்டத்துக்கு 400 மீற்றருக்கும் மேல் தாழ்வானது. மேற்கே கடலோரச் சமவெளி. நடுவே முதுகெலும்புபோல மலைநாடு. தெற்கே வறண்ட பாலை. ஓரிடத்தில் கோதுமை, ஓரிடத்தில் ஒலிவம், ஓரிடத்தில் ஆடு மேய்க்கும் புல்வெளி. ஆகவே, யாருக்கு எந்தப் பங்கு என்பது அற்பக் கேள்வியன்று. பிள்ளைகளின் சோறு அதில் இருந்தது.

யாக்கோபுக்குப் பன்னிரண்டு புதல்வர்கள். அவர்களுள் லேவியின் வழிவந்தோர் இறைபணிக்கென ஒதுக்கப்பட்டதால் அவர்களுக்குத் தனி நிலப்பகுதி இல்லை. அந்த இடத்தை நிரப்ப, யோசேப்பின் மக்களான எப்ராயிம், மனாசே இருவரும் இரண்டு குலங்களாக எண்ணப்பட்டனர். இவ்வாறு நிலம் பெற்ற குலங்கள் பன்னிரண்டாயின.

மந்தைகள் மிகுந்த ரூபன், காத்து குலத்தாரும், மனாசே குலத்தில் பாதிப்பேரும் யோர்தான் ஆற்றுக்குக் கிழக்கே மேய்ச்சல் நிலத்தைக் கேட்டுப் பெற்றனர். தெற்கு மலைநாடு யூதாவுக்கு. பெத்லகேமும் எபிரோனும் அங்கே உள்ளன. யூதாவின் பங்கு அளவுக்கு மிஞ்சியது என்று கண்டு, அதற்குள்ளேயே சிமியோனுக்கு இடம் கொடுக்கப்பட்டது. நடு மலைநாட்டில் எப்ராயிமும் மனாசேயின் மறுபாதியும் குடியேறின. யூதாவுக்கும் எப்ராயிமுக்கும் இடையில் ஒரு சிறு துண்டு பென்யமினுக்கு. எரிகோவும் எருசலேமும் அதன் பட்டியலில் வருகின்றன. வடக்கே, இஸ்ரியேல் சமவெளிப் பக்கம் இசக்கார். கலிலேயக் குன்றுகளில் செபுலோன். கலிலேயக் கடலின் மேற்குக் கரையும் அதற்கு மேலுள்ள மலைகளும் நப்தலிக்கு. கர்மேலுக்கு வடக்கே கடலோரம் ஆசேருக்கு. தாண் குலத்தாருக்கு முதலில் கிடைத்தது மேற்குச் சமவெளிப் பக்கம். அங்கே அவர்களால் நிலைக்க முடியவில்லை. இடம் தேடி வடகோடிக்குப் போய், அங்குள்ள ஊரொன்றைப் பிடித்துத் தம் குலத்தின் பெயரை இட்டனர்.

பங்கிட்ட முறை

இந்த நிலம் எவ்வாறு பங்கிடப்பட்டது என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நான்கு காரியங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: அளந்து, எழுதி, சீட்டுப் போட்டார்கள். பெரிய குலத்துக்குப் பெரிய பங்கு, சிறிய குலத்துக்குச் சிறிய பங்கு என்பது எண்ணிக்கை நூல் 26ஆம் அதிகாரத்தின் விதி. சீலோவில் மக்கள் கூடியபோது இன்னும் ஏழு குலங்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. அப்போது யோசுவா குலத்துக்கு மூன்று பேரைத் தெரிந்து அனுப்பினார். அவர்கள் நாடெங்கும் நடந்து, ஊர் ஊராக எழுதி, ஏழு பகுதிகளாகப் பிரித்து வந்தனர். அதன்பின் ஆண்டவர் திருமுன் சீட்டுப் போடப்பட்டது. வலியவன் நல்ல நிலத்தைப் பிடித்துக்கொள்ளவும், தலைவனின் சொந்தக்காரன் முந்திக்கொள்ளவும் அங்கே வழியில்லை.

இரண்டாவது: தலைவர் தம் பங்கைக் கடைசியில் பெற்றார். எல்லோருக்கும் கொடுத்து முடிந்த பின்னரே, எப்ராயிம் மலைநாட்டில் ஒரு சிற்றூர் யோசுவாவுக்குக் கொடுக்கப்பட்டது. அதையும் அவர் கட்டியெழுப்பிக் குடியிருக்க வேண்டியிருந்தது. பதவி கிடைத்தவுடன் தமக்கும் தம்மவருக்கும் முதலில் எடுத்துக்கொள்ளும் தலைவர்களைக் கண்டு பழகிய நமக்கு இது பெரிய பாடமன்றோ?

மூன்றாவது: பெண்பிள்ளைகளுக்கும் பங்கு கிடைத்தது. மனாசே குலத்துச் செலொபுகாது என்பவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். அவருக்கு மக்லா, நோகா, ஒக்லா, மில்கா, திர்சா என்று ஐந்து புதல்வியர். "ஆண்பிள்ளை இல்லாததால் எங்கள் தந்தையின் பெயர் அழிய வேண்டுமா?" என்ற வழக்கோடு அவர்கள் மோசேயின் முன்னும் சபையின் முன்னும் வந்து நின்றார்கள். மோசே அதை ஆண்டவரிடம் கொண்டுபோனார். அந்தப் பெண்கள் கேட்டது நியாயம் என்பதே தீர்ப்பு. அவர்கள் தம் குலத்துக்குள்ளேயே மணமுடிக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னர் வந்தது உண்மை. ஆயினும் யோசுவா நூல் 17ஆம் அதிகாரத்தில், நிலம் பெற்றோர் பட்டியலில், ஐவரின் பெயரும் தனித்தனியே எழுதப்பட்டுள்ளது. பெயர் எழுதப்படுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, விடியற்காலையில் பிரட்டுக்கு ஓடி, நாள் முழுதும் கொழுந்தெடுத்தும் பாலெடுத்தும் வீட்டைத் தாங்கும் நம் தாய்மார் அறிவார்கள்.

நான்காவது: நிலமில்லாதவர் மறக்கப்படவில்லை. லேவியருக்கென எல்லாக் குலங்களின் நடுவிலும் 48 ஊர்கள், மேய்ச்சல் நிலத்தோடு ஒதுக்கப்பட்டன. அவற்றுள் ஆறு அடைக்கல நகர்கள். தவறுதலாகக் கொலைப்பழிக்கு ஆளானவன் ஓடி ஒளிந்து, நீதியான விசாரணை பெற அவை உதவின. அங்கே இஸ்ரயேலனுக்கும், அவர்களிடையே தங்கியிருந்த அந்நியனுக்கும் ஒரே சட்டம். மேலும், இணைச் சட்ட நூல் லேவியரை அந்நியர், அநாதைகள், கைம்பெண்கள் என்போரோடு ஒன்றாக எண்ணுகின்றது. நிலமில்லாதவன் ஊராரின் பொறுப்பு என்பது அதன் கருத்து.

நிலம் யாருடையது?

இத்தனை பங்கீட்டுக்கும் அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது. லேவியர் நூல் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்வது: நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் தங்கியிருக்கும் வெளியார். ஆகவே நிலத்தை முற்றாக விற்கக் கூடாது. வறுமையால் விற்றாலும், ஐம்பதாவது ஆண்டாகிய யூபிலி ஆண்டில் அது உரிய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லைக் கல்லை நகர்த்துகிறவன் சபிக்கப்பட்டவன் என்று இணைச் சட்டமும் கூறுகின்றது.

இந்தச் சட்டம் எப்போதும் கடைப்பிடிக்கப்பட்டதா? இல்லை. அரசர்கள் வந்தார்கள். சாலமோன் நாட்டைப் பன்னிரண்டு வரி மாவட்டங்களாகப் பிரித்தார். அவை பழைய குல எல்லைகளோடு பல இடங்களில் பொருந்தவில்லை. மக்களைக் கட்டாய வேலைக்கும் பிடித்தார். அவர் இறந்ததும் அந்தச் சுமையின் பொருட்டே வடக்குக் குலங்கள் பிரிந்தன. பின்னர் ஆகாபு அரசன் இஸ்ரியேலில் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை விரும்பினான். நல்ல விலை தருவதாகச் சொன்னான். முன்னோர் விட்டுச்சென்ற உரிமைச் சொத்தை விற்கமாட்டேன் என்றார் நாபோத்து. பொய்ச் சாட்சி சொல்லவைத்து அவரைக் கல்லெறிந்து கொன்றார்கள். எலியா இறைவாக்கினர் அரசனை அந்தத் தோட்டத்திலேயே எதிர்கொண்டார். வயலோடு வயல் சேர்ப்போரை எசாயா கண்டித்தார். இரவில் படுக்கையில் திட்டமிட்டு, விடிந்ததும் பிறர் நிலத்தைப் பறிப்போரை மீக்கா கண்டித்தார். இறைவாக்கினரின் கோபத்தில் பெரும்பங்கு நிலத்தைப் பற்றியது என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஒரு கடினமான கேள்வி

வாசகர்கள் சிலர் கேட்கலாம்: "அந்த நாட்டில் முன்பே கானானியர் குடியிருந்தார்களே? அவர்களை விரட்டிவிட்டு நிலத்தைப் பங்கு போட்டது நியாயமா?" நல்ல கேள்வி. மறைத்துப் பேச வேண்டியதில்லை.

யோசுவா நூல் முழு நாடும் ஒரே வீச்சில் பிடிக்கப்பட்டதாகப் பாடுகின்றது. ஆனால் அடுத்து வரும் நீதித் தலைவர்கள் நூலின் முதலாம் அதிகாரமோ, எந்தெந்த ஊர்களில் பழைய குடிகள் அப்படியே வாழ்ந்தார்கள் என்று நீண்ட பட்டியல் தருகின்றது. எகிப்திய மன்னன் மெர்னெப்தா கி.மு. 1208 அளவில் நாட்டிய கல்வெட்டில் இஸ்ரயேல் என்ற பெயர் காணப்படுகின்றது. அந்தக் காலத்தையொட்டி நடு மலைநாட்டில் எளிய குடியானவரின் சிற்றூர்கள் பல தோன்றியதையும் அகழ்வாராய்ச்சி காட்டியுள்ளது. இஸ்ரயேலர் அங்கே காலூன்றியது மெதுவாக, பலவிதமாக நடந்தது என்பதே இன்று அறிஞர் பலரின் கருத்து. யோசுவா நூல் இன்றைய வடிவத்தைப் பெற்றதோ மிகப் பிந்தி. நிலத்தை இழந்து நின்ற, அல்லது இழக்கும் ஆபத்திலிருந்த மக்களுக்கு நம்பிக்கையூட்டவே பழைய நினைவுகள் தொகுக்கப்பட்டன. எந்த நூலையும் அதன் இலக்கிய வகையறிந்து வாசிக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் கற்பித்தது. ஆகவே, பிறனை விரட்ட உரிமை தரும் பத்திரமாக இந்த நூலை எந்த நாட்டிலும் எந்த இனமும் எடுத்துக் காட்டக் கூடாது.

அந்த நூலுக்குள்ளேயே பாருங்கள். எரிகோவின் இராகாபு கானானியப் பெண். அவள் குடும்பம் இஸ்ரயேலரோடு வாழ்ந்தது. மத்தேயு அவளை நம் ஆண்டவரின் தலைமுறைப் பட்டியலில் சேர்க்கிறார். எபிரோனைப் பங்காகப் பெற்ற காலேபு கெனிசிய மரபினர் என்று அந்நூலே குறிக்கின்றது. அவர் வெளிக்குலத்து வழி வந்து யூதாவோடு இணைந்தவர் என்பர் அறிஞர்.

நம் மலைகளின் கதை

இனி நம் சபரகமுவைக்கு வருவோம். தெரணியகல, தெகியோவிட்ட, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என்று நாம் வாழும் இந்த மலைகளுக்கும் எல்லைகள் போடப்பட்டன. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமும், 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டமும், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் ஆங்கில அரசின் சொத்தாக்க வழி செய்தன. அவ்வாறு எடுக்கப்பட்ட நிலத்தில் பெரும்பகுதி தோட்டக்காரர்களுக்கு விற்கப்பட்டது. அங்கே சிங்களக் கிராமத்தவர் இழந்தனர். அதே நிலத்தில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து நம் முன்னோர், கங்காணியின் கடனோடு கொண்டுவரப்பட்டனர். காட்டை வெட்டினார்கள், கோப்பியும் தேயிலையும் இறப்பரும் நட்டார்கள்.

யோசுவா நூல் 17ஆம் அதிகாரத்தில் யோசேப்பின் குலத்தார் தமக்கு இடம் போதவில்லை என்று முறையிட்டபோது, மலைக்காட்டை வெட்டித் திருத்துங்கள், திருத்திய நிலம் அதன் கடைசி எல்லை வரை உங்களுடையது என்றார் யோசுவா. நம் மலைகளிலோ காட்டை வெட்டியவனுக்குக் கிடைத்தது பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு லயத்துக் காம்பரா. அதுவும் வேலை இருக்கும்வரை.

பின்னர் குடியுரிமையும் போயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். யோசுவா நிலத்தை மக்களுக்குப் பங்கிட்டார்; இங்கே மக்களையே பங்கிட்டார்கள்! 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும் தோட்டத் தொழிலாளருக்குப் பங்கு அரிதாகவே கிட்டியது. பல இடங்களில் இருந்த லயமும் பறிபோயிற்று. 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்கள் நம் மாவட்டங்களையும் சுட்டன. வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய உறவினர் நம்மில் பலருக்கு உண்டு.

நாடற்ற நிலை 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களால் தீர்ந்தது. இறைவனுக்கு நன்றி. 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டமும் வந்தது. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. உறுதியைக் கையில் வாங்கியோர் உண்டு. வீட்டில் குடியேறியும் உறுதிக்குக் காத்திருப்போர் உண்டு. லயத்திலேயே இருப்போர் இன்னும் ஏராளம். நம் மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைந்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளிலும் காணி இருந்தது.

இது வெறும் அரசியல் என்று சிலர் சொல்வர். திருச்சபை அவ்வாறு சொல்லவில்லை. பிறர் நிலத்தில் உழைத்தும், தமக்கென ஒரு சிறு துண்டும் பெறும் நம்பிக்கையின்றி வாடும் இலட்சக்கணக்கான தொழிலாளரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய மடலில் குறிப்பிட்டு, அது அநீதி என்று எடுத்துக் காட்டினார்.

எசேக்கியேலின் புதிய பங்கீடு

நமக்கு மிகவும் வேண்டிய வசனம் யோசுவா நூலிலன்று, எசேக்கியேல் நூலில் உள்ளது. கி.மு. 721 அளவில் வடக்கு அரசு அசீரியரிடம் வீழ்ந்தது. கி.மு. 587 அளவில் எருசலேமும் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. உறுதியும் எல்லையும் பயனற்றுப் போயின. பாபிலோனில் நாடிழந்து வாழ்ந்த எசேக்கியேல், வரப்போகும் புதிய பங்கீட்டைக் காட்சியாகக் கண்டார். அதில் பன்னிரு குலங்களுக்கும் சமமான பங்கு. மக்களின் நிலத்தைத் தலைவன் பறிக்கக் கூடாது என்ற கட்டளையும் உண்டு.

அந்தக் காட்சியின் 47ஆம் அதிகார முடிவில் யோசுவா காலத்துப் பங்கீட்டில் இல்லாத ஒன்று வருகின்றது: உங்கள் நடுவில் தங்கி, உங்கள் நடுவிலேயே பிள்ளைகளைப் பெற்ற வெளியாரையும் நாட்டில் பிறந்தவராகவே எண்ணுங்கள், எந்தக் குலத்தின் பகுதியில் அவர்கள் வாழ்கிறார்களோ, அங்கேயே அவர்களுக்குப் பங்கு கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை வாசிப்பில் இதை நான் விளக்கியபோது அந்தப் பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நாம இங்கதான் பொறந்தோம், புள்ளைங்களும் இங்கதான் பொறந்தாங்க. சாமி, அத இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்க" என்றார். அந்தப் பெண்பிள்ளை மறுபடி வாசித்தாள், இம்முறை தடுமாறவில்லை.

நம் ஆண்டவர் வளர்ந்த நாசரேத்து செபுலோனின் பழைய எல்லையில். அவர் குடியேறிய கப்பர்நாகும் நப்தலியின் எல்லையில். அசீரியர் முதலில் பாழாக்கிய, பிறர் இழிவாக எண்ணிய அந்தப் பகுதியிலேயே ஒளி உதித்தது என்று மத்தேயு எழுதுகிறார். அவர் பன்னிரு திருத்தூதரைத் தெரிந்துகொண்டது சிதறிய பன்னிரு குலங்களையும் கூட்டிச் சேர்க்கவே. திருவெளிப்பாட்டில் புதிய எருசலேமின் பன்னிரு வாயில்களிலும் குலங்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அந்த வாயில்கள் அடைக்கப்படுவதில்லை.

நம் மறைமாவட்டம் 1995இல் உருவானபோது, இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களும், அவற்றில் வாழும் சிங்களவரும் தமிழருமான இறைமக்களும் ஒரே குடும்பமாயினர். ஒருவர் தம் சேனையை இழந்த கதையைச் சொல்லட்டும்; மற்றவர் தம் பாட்டன் வெட்டிய காட்டின் கதையைச் சொல்லட்டும். இரு கதையும் ஒரே பழைய சட்டத்தால் வந்தவை. நமக்கு உரிய பங்கை உரிமையோடும் ஒழுங்கோடும் கேட்போம். அயலவனின் எல்லைக் கல்லைத் தொடாமல் கேட்போம். ஏழு பேர்ச் கிடைத்த வீட்டில், உறுதியில் மனைவியின் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம். செலொபுகாதின் புதல்வியர் நமக்கு அதைக் கற்பித்துள்ளனர்.

குடும்பத்தில் பேசிச் சிந்திக்க

1. யோசுவா 17:3-6ஐயும் எசேக்கியேல் 47:21-23ஐயும் சேர்ந்து வாசியுங்கள். இந்த இரு பகுதிகளில் உங்கள் வீட்டைத் தொடும் சொல் எது?

2. உங்கள் குடும்பம் இந்தத் தோட்டத்துக்கு எப்போது, யார் காலத்தில் வந்தது? பாட்டன் பாட்டியிடம் கேட்டு, ஊர்ப்பெயர், ஆட்பெயர் விடாமல் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

3. பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, திருமணப் பதிவு, காணிப் பத்திரம் ஆகியவை வீட்டில் எல்லோருக்கும் ஒழுங்காக உள்ளனவா? இல்லாதவர்களுக்கு உதவ உங்கள் பங்கில் யார் முன்வருவீர்கள்?